ஏழாம் அத்தியாயம்: மாத்திரை மிஞ்சினால் ரத்தம் என்ன சொல்லும்?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கிரிவலப் பாதையில் கிடந்த குப்பையை இன்னும் அள்ளி முடிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பூ கட்டுகிறவர், அடி அண்ணாமலையில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது. பைக்குள் ஆறு வருடத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்.

“தைராய்டு கொறஞ்சி போச்சுன்னு போட்டிருக்குதாம்பா. மருமவன் பாத்துட்டு இன்னொரு அரை மாத்திரை சேத்துப் போட்டுக்கச் சொல்றாரு. போட்டுக்கட்டுமா?”

சீட்டில் டிஎஸ்எச் 0.03. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அவர் சாப்பிடுவது 125 பவர் மாத்திரை, அதாவது 125 மைக்ரோகிராம். எடை 52 கிலோ.

“போட்டுக்காதீங்க பெரியம்மா. மாத்திரை ஏற்கெனவே ஜாஸ்தியா இருக்குது.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கும்போது இவன் ஜாஸ்தி என்கிறானே என்று பார்த்தார். தைராய்டு மாத்திரை சாப்பிடும் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஆபத்தான தவறு இதுதான். அந்த மஞ்சப்பையை வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

அம்பு கீழே, ஹார்மோன் மேலே

டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் கிடையாது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டைப் பார்த்துப் போடும் சத்தம் அது. ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். கடைமடை காய்ந்தால் மடை திறக்கும் நீர்க்கட்டியைக் கூப்பிடும் குரல் ஓங்கும். வரப்பு வழிந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். டிஎஸ்எச் ஏறினால் உடம்பில் ஹார்மோன் போதவில்லை. அடங்கிப் போனால் ஹார்மோன் வழிகிறது.

இந்தச் சத்தம் மிக நுணுக்கமானது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 இரண்டு மடங்கு ஏறினால் டிஎஸ்எச் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சரியும். அதனால்தான் டி4 இன்னும் நார்மல் எல்லைக்குள் இருக்கும்போதே டிஎஸ்எச் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. மாத்திரை மிஞ்சியதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். மற்ற எல்லாப் பரிசோதனையும் இதற்குப் பின்னால் வருபவை.

பெரும்பாலான லேப்கள் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை சரி என்று அச்சிடுகின்றன. ஒரு சீட்டில் மில்லி யூனிட்/லிட்டர் என்றும் இன்னொன்றில் மைக்ரோ யூனிட்/மில்லிலிட்டர் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே எண்தான். 0.1க்கும் 0.4க்கும் நடுவே என்றால் டோஸ் கொஞ்சம் கூடுதல். டாக்டரிடம் பேச வேண்டும். 0.1க்குக் கீழே என்றால் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு டிஎஸ்எச் 4 முதல் 6 வரை இருப்பதே போதும் என்கிறது அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷன் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி. எண்பது வயதுத் தாத்தாவுக்கு டிஎஸ்எச் 5 என்று பார்த்துவிட்டு மாத்திரையை ஏற்றச் சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

“எனக்கு ஒண்ணும் பண்ணலையே” என்று பெரியம்மா சொன்னார். பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்ட 2,007 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 1994இல் வெளியிட்டார்கள். டிஎஸ்எச் 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது. சரியாக இருந்தவர்களில் 11 சதவீதம். அந்தத் தாளம் தப்பினால் இதயத்தில் ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். 2001இல் வந்த இன்னொரு ஆய்வு 65 வயது தாண்டிய பெண்களைப் பற்றியது: இதே 0.1 எல்லைக்குக் கீழே இருந்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு மூன்று மடங்கு, முதுகெலும்பு முறிவு நான்கு மடங்கு அதிகம். எலும்பு கரைவது வலிக்காது. வழுக்கி விழும் நாளில்தான் தெரியும்.

கொஞ்சம் கிளறியபோது பெரியம்மாவுக்கும் ‘ஒண்ணும் பண்ணாமல்’ இல்லை என்று தெரிந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டரும் சுற்றுகிறவர், இந்த முறை குபேர லிங்கத்தை எட்டுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். மறுநாள் வந்து 96 என்றார்.

கடுதாசி இல்லாத காலம்

1891இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர் ஆட்டுத் தைராய்டைப் பிழிந்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் இன்னும் 28 வருடம் வாழ்ந்தார். எவ்வளவு கொடுப்பது என்று சொல்ல அப்போது ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது; நாடி, எடை, தோல், பேச்சு, அவ்வளவுதான். 1960கள் வரை கொலஸ்டிராலையும், குதிகால் தசைநாரைத் தட்டினால் உதைத்த பாதம் எவ்வளவு வேகமாகத் தளர்ந்து திரும்புகிறது என்பதையும் பார்த்து டோஸ் போட்டார்கள். தினம் 200 முதல் 400 மைக்ரோகிராம் கொடுப்பது அன்று சாதாரணம். 1970களில் டிஎஸ்எச் பரிசோதனை வந்தது. குறைந்த டிஎஸ்எச்சையும் சரியான டிஎஸ்எச்சையும் பிரித்துக்காட்டும் நுணுக்கமான வகை 1980களின் நடுவில் வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு தலைமுறையே தேவைக்கு மேல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது புரிந்தது. இன்று முழு டோஸ் என்பது எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று ஒரு தோராயக் கணக்கு. பெரியம்மாவின் 52 கிலோவுக்கு அது 83தான் வருகிறது.

0.03ஐ நம்புவதற்கு முன்

குறைந்த டிஎஸ்எச் எல்லாமே மாத்திரையின் குற்றம் இல்லை. டோஸைக் குறைப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்வி முடி உதிர்வது பற்றியது. சிரிக்க வேண்டாம். முடிக்கும் நகத்துக்கும் என்று மெடிக்கலில் விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம்தான். லேப் இயந்திரங்களில் பல, பயோட்டினையே பசைபோல வைத்து ஹார்மோனைப் பிடித்து அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கணக்கு தலைகீழாகிறது: டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், தைராய்டு ஹார்மோன்களான டி3யும் டி4ம் பொய்யாக ஏறும். அப்படியே மாத்திரை மிஞ்சியவரின் சீட்டுபோல வந்து நிற்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். பெரியம்மா அதெல்லாம் தொட்டதில்லை.

அடுத்தது, ரத்தம் கொடுத்த அன்று காலை மாத்திரை போட்டீர்களா என்பது. போட்டால் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 ஐந்தில் ஒரு பங்குவரைகூட ஏறி நிற்கும். டிஎஸ்எச் அவ்வளவாக அசையாது. ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுவதே நல்லது. நேரமும் முக்கியம். டிஎஸ்எச் பின்னிரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். போன முறை காலை ஏழு மணிக்கும் இந்த முறை மதியம் இரண்டு மணிக்கும் கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பௌர்ணமி இரவு முழுக்கச் சுற்றிவிட்டு விடிந்ததும் நேராக லேபுக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்ட இரவில் டிஎஸ்எச் வழக்கத்தைவிட ஏறும். மிஞ்சிய டோஸை அது மூடி மறைக்கலாம்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் டிஎஸ்எச் தானாகவே இறங்கும். ஸ்டீராய்டு சாப்பிடும்போதும், கடுமையான நோயில் படுத்திருக்கும்போதும் இறங்கும். தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு டாக்டர்களே வேண்டுமென்று டிஎஸ்எச்சை அடக்கி வைப்பார்கள். அவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் விபரீதம்.

பிட்யூட்டரியே பழுதானவர்கள் இன்னொரு கூட்டம். பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போய்ப் பிறகு பால் சுரக்காமல், தீட்டு நின்றுபோன பெண்கள். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலர். விரியன் விஷம் பிட்யூட்டரியைச் சிதைக்கும் என்பது பர்மாவிலும் தென்னிந்தியாவிலும் பதிவானது. வயல் வேலை செய்யும் ஊரில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. கூப்பிடும் குரலே செத்துப்போனவர்களுக்கு டிஎஸ்எச் எதையும் சொல்லாது. அவர்களுக்கு ஃப்ரீ டி4 ஒன்றே வழி.

பைக்குள் ஏற்கெனவே இருந்த சாட்சிகள்

டி3யைப் பற்றி ஒரு வார்த்தை. டி4 மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு டோஸ் மிஞ்சினாலும் டி3 பல நேரம் நார்மலாகவே இருக்கும். “டி3 சரியா இருக்கு, கவலைப்படாதீங்க” என்று யாராவது சொன்னால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியம்மாவின் டி3யும் நார்மல்தான்.

எங்கள் பக்கம் குடியேறியிருக்கும் வெளிநாட்டவர்களில் சிலர் உலர்ந்த பன்றித் தைராய்டு மாத்திரையைப் பெட்டியில் கொண்டுவருகிறார்கள். அவர்கள் கதை வேறு. அதில் ஒரு கிரெய்ன் அளவில் 38 மைக்ரோகிராம் டி4ம் 9 மைக்ரோகிராம் டி3யும் இருக்கிறது, நான்குக்கு ஒன்று. மனிதத் தைராய்டு சுரப்பது பதினான்குக்கு ஒன்று என்ற கணக்கில். அதனால் டி4 குறைவாகத் தெரியும். டி3யோ, மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கும். டி4 குறைவு என்று அவர்களே டோஸை ஏற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் டிஎஸ்எச்தான் அளவுகோல்.

மஞ்சப்பைக்கு வருவோம். நான் அதில் தேடியது தைராய்டு சீட்டை மட்டும் இல்லை. தைராய்டு ஹார்மோன் கல்லீரல், எலும்பு, தசை, சிறுநீரகம் எல்லாவற்றையும் விரட்டுகிற ஹார்மோன். அந்த விரட்டல் சாதாரண ‘மாஸ்டர் செக்கப்’ தாளிலேயே தடம் வைத்திருக்கும். பெரியம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு மொத்தக் கொலஸ்டிரால் 212. இப்போது 148. கொலஸ்டிரால் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, சாப்பாடும் மாறவில்லை. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்! ஆல்கலைன் பாஸ்படேஸ் 78இலிருந்து 131க்குப் போயிருந்தது. எலும்பு வேகமாக உடைந்து கட்டப்படும்போது அது ஏறும். கிரியேட்டினின் 0.8இலிருந்து 0.5க்கு இறங்கியிருந்தது, தசை கரைந்து, சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் அது இறங்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை லேசாக ஏறியிருந்தது. ஒவ்வொரு எண்ணையும் தனியாகப் பார்த்தால் லேப் போட்ட எல்லைக்கு உள்ளேயோ ஓரத்திலோதான். ஆறு வருடத்தை வரிசையாகத் திண்ணையில் பரப்பிப் பார்த்தபோது எல்லாம் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தன.

எந்த எண்ணையும் ஒற்றைச் சாட்சியாக நம்ப முடியாது. ஸ்டாட்டின் சாப்பிட்டாலும் கொலஸ்டிரால் இறங்கும். வைட்டமின் டி குறைந்தாலும் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறும். அடுத்தவர் சீட்டோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது செலவில்லாத பரிசோதனை.

செலவாகும் பரிசோதனைகளும் உண்டு. எஸ்எச்பிஜி என்று ஒரு புரதம், கல்லீரல் செய்வது, தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் ஏறும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்கிறார்கள். ஆனால் கருத்தடை மாத்திரை அதை ஏற்றும். தொப்பையும், சர்க்கரை நோய்க்கு முந்தைய இன்சுலின் மந்தமும் இறக்கும். சர்க்கரை இல்லாத வீடு அரிதாகிவிட்ட நம் ஊரில் ஏற வேண்டிய எஸ்எச்பிஜி ஏறாமல் ‘நார்மல்’ என்று ஏமாற்ற வாய்ப்பு அதிகம். ஃபெரிட்டினும் ஏறும் என்பார்கள். ரத்தசோகை பிடித்த பெண்ணிடம் எதை ஏற்றிப் பார்ப்பது? ஏசிஇ என்ற நொதியும் ஏறும். பிபிக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறவரிடம் அதை அளந்து பயனில்லை. எலும்புக்கு சிடிஎக்ஸ், பி1என்பி, ஆஸ்டியோகால்சின் என்ற பரிசோதனைகள் உண்டு. சிடிஎக்ஸ் பார்ப்பதானால் காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனாலும் கணக்கு கெடும். நான் சொன்ன 2014 வழிகாட்டியும் இவற்றை ஆராய்ச்சிக்கு வெளியே டோஸ் தீர்மானிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. என் கருத்தும் அதுதான். எஸ்எச்பிஜிக்குக் கொடுக்கும் காசில் டிஎஸ்எச்சை இன்னொரு முறை பார்க்கலாம்.

ஒரே ஒரு எண்ணை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. இதய வால்வுக்கு அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம் பார்க்கும் ஐஎன்ஆர். தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்கள் சீக்கிரம் அழியும். அதே அசிட்ரோம் டோஸில் ஐஎன்ஆர் ஏறி, ரத்தக்கசிவு வரை போகலாம். ஐஎன்ஆர் காரணமில்லாமல் ஏறினால் டிஎஸ்எச்சையும் பாருங்கள்.

மாத்திரையே சாப்பிடாதவருக்கு இந்த அடையாளங்கள் எல்லாம் வந்தால்? 1984–85இல் அமெரிக்காவின் மின்னசோட்டா, தெற்கு டகோட்டா, அயோவா எல்லையில் 121 பேருக்கு வந்தது. யாரும் மாத்திரை தொட்டதில்லை. ஒரே இடத்தில் வெட்டிய மாட்டின் கழுத்துக் கறியோடு தைராய்டும் சேர்ந்து அரைபட்டு ஹாம்பர்கரில் போயிருந்தது. இப்படி வெளியிலிருந்து வரும் ஹார்மோனைக் கண்டுபிடிக்க தைரோகுளோபுலின் என்ற புரதம் உதவும். சொந்தச் சுரப்பி வீங்கி ஒழுகினால் அது ஏறும். ஹார்மோனை வாயால் சாப்பிட்டால் சுரப்பி அடங்கி, அதுவும் இறங்கும். எடை குறைக்கும் பொடி என்று பெயரில்லாத பொட்டலம் சாப்பிட்டுப் படபடப்போடு வருகிறவரிடம் டாக்டர் இதை எழுதிக்கொடுத்தால் வியப்படைய வேண்டாம். தைரோகுளோபுலினுக்கு எதிர்ப்புரதம் உள்ளவர்களிடம் மட்டும் இந்த எண்ணை நம்ப முடியாது.

எப்படி மிஞ்சியது?

பெரியம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பூவோடு உட்காருகிறவர். ஆரம்பத்தில் தைராய்டு மாத்திரையையும் மூட்டுவலிக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் ஒரே டம்ளர் டீயில் விழுங்கியிருக்கிறார். கால்சியம் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். டிஎஸ்எச் 9க்குப் போனது. டாக்டர் 75ஐ 100 ஆக்கினார், பிறகு 125. அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. டீக் கதையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தீபத்துக்கு முந்தைய பங்குனியில் நர்ஸ் ஒருவர், “வெறும் வயித்துல தண்ணியில போடுங்கம்மா, ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிங்க, கால்சியத்தை ராத்திரிக்கு மாத்திக்குங்க” என்று நல்லதாகச் சொல்லியிருக்கிறார். பெரியம்மா அப்படியே செய்தார். அன்றிலிருந்து 125ம் முழுதாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. டோஸ் மாறவில்லை.

பழக்கத்தை மாற்றினால் ஆறு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும் என்று அந்த நர்ஸ் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். டி4 உடம்பில் பாதியாகக் குறைய ஒரு வாரம் எடுக்கும். எந்த மாற்றமும் நிலைப்பட ஐந்தாறு வாரம் வேண்டும். இரும்பு மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் இதே கதை. கர்ப்பத்தில் ஏற்றிய டோஸைப் பிரசவத்துக்குப் பிறகு குறைக்க மறந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடை பத்துக் கிலோ குறைந்தவர்களும் உண்டு. 12.5க்குப் பதில் 125ஐ எடுத்து வந்துவிடுவது இன்னொரு வகை. புள்ளியைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாட்டிலும் டோஸைக் குழப்பும். மாத்திரையிலுள்ள லெவோதைராக்ஸினுக்கு வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் ஆகாது. மருந்து வீரியம் குறைந்து டிஎஸ்எச் ஏறும், டோஸ் ஏறும். பிறகு புதுப் பாட்டில் வாங்கினால் ஏறிய டோஸ் முழு வீரியத்தோடு வேலை செய்யும். மருந்துப் பெட்டியை வீட்டின் குளிர்ந்த, இருட்டான மூலையில் வையுங்கள், சமையலறை வேண்டாம்.

எப்படிக் குறைப்பது?

நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இரண்டு மாதத்தில் டிஎஸ்எச் மறுகோடிக்கு ஓடிவிடும். டாக்டர் பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்ப்பார். நாடி ஒழுங்கில்லாமல் அடித்தாலோ, மார்பு வலித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ எட்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். பிட்யூட்டரிச் சிக்கல், புற்றுநோய் ஆபரேஷன் ஆனவர்கள் போன்ற கடினமான விஷயங்களுக்கு வேலூர் சி.எம்.சி.யில் எண்டோகிரைன் துறை இருக்கிறது. டோஸைக் குறைத்த முதல் சில வாரங்கள் சோர்வாக இருக்கலாம். வேகத்துக்குப் பழகிய உடம்பு நிதானத்தைச் சோர்வு என்று நினைத்துக்கொள்ளும். அந்த நாட்களில்தான் பலர் பழைய பாட்டிலுக்குத் திரும்புகிறார்கள். திரும்ப வேண்டாம்.

பெரியம்மாவின் ஈசிஜி நன்றாக இருந்தது. டாக்டர் 100க்குக் குறைத்தார். தை கடைசியில் டிஎஸ்எச் 0.3. பிறகு டோஸ் 88 ஆனது. பங்குனியில் டிஎஸ்எச் 1.6; கொலஸ்டிரால் 181க்கு ஏறியிருந்தது, வீட்டில் அதற்காக ஒரு நாள் வருத்தப்பட்டார்கள். காலை நாடி 74. ஆல்கலைன் பாஸ்படேஸ் இன்னும் 118இல் நிற்கிறது. எலும்பு தன் கணக்கை முடிக்க மாதங்கள் எடுக்கும். அடுத்த ரத்தம் புரட்டாசியில். அதற்கு முந்தைய நாள் ராத்திரி சுற்றப் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.